உப்பில்லாத நான்கு ஞாயிறுகள்

என் கணவரின் பேண்ட் இடுப்பை ஒரே மாதத்தில் இரண்டு முறை பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். திண்டிவனத்தில் பதினைந்து வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவள் நான். தெருவில் யார் உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் என் டேப்புக்குத்தான் முதலில் தெரியும். அப்பேர்ப்பட்டவள், கட்டிய புருஷனின் இடுப்பு மூன்று அங்குலம் குறைந்திருப்பதை அளந்துவிட்டு, "பரவால்லியே, தொப்பை கரையுது" என்று கேலி பேசினேன். இதை எழுதும்போதும் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒருவர் மெலிந்துகொண்டிருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் பெயர் தேவராஜ். பள்ளிக்கூட வேன் ஓட்டினார். சிறுநீர் பால் ஊற்றாத டீ நிறத்தில் போகிறது என்றார்; வேன் சூடு என்றேன். உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார், சோப்பை மாற்றினேன். ஒரு நாள் காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியை விட்டு என் பக்கம் திரும்பினார். இரண்டு கண்ணும் மஞ்சளாக இருந்தன.

பக்கத்து கிளினிக் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிலிருபின் (ரத்தத்தில் காமாலை எவ்வளவு என்று காட்டும் பொருள்) எக்கச்சக்கமாக இருந்தது.

"வயித்து வலி இருக்கா?"

"அதெல்லாம் இல்லீங்க சார்."

"வலி இல்லாத காமாலைன்னா அடைப்பு இருக்கான்னு பாக்கணும். சீக்கிரம் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

வலி இல்லை என்பதைக் கேட்டு எங்களுக்கு மனசு லேசாகிவிட்டது. டாக்டர் சொன்னது அதற்கு நேர்மாறு. வலி இல்லாததுதான் அவருக்குக் கவலை. அவர் எழுதிக் கொடுத்த ஸ்கேன் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் காமாலைக்குக் கைமருந்துதான். விழுப்புரத்துக்கு அந்தண்டை, தென்பெண்ணை ஆற்றங்கரையில் ஓர் ஊர் இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஓர் அக்கா பச்சிலை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார். வெற்றிலை பாக்கு வைத்தால் போதும். மூன்று ஞாயிறு மருந்து. நான்காவது ஞாயிறு தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பத்தியத்தை முடிக்க வேண்டும். அதுவரை சாப்பாட்டில் உப்பு, எண்ணெய் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, இங்கிலீஷ் மருந்தோ ஊசியோ உடம்பில் படக்கூடாது. ஸ்கேன் என்றால் ஊசி போடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஸ்கேன் சீட்டு கைப்பையிலேயே கிடந்தது.

முதல் ஞாயிறு, இருட்டோடு பஸ் பிடித்தோம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். விழுப்புரத்தில் டவுன் பஸ் மாறி, வெயில் ஏறும் முன் ஊரில் இறங்கினோம்.

மருந்தைக் குடித்த பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது, கொஞ்சம் நடக்க வேண்டும். அந்த அக்காவே வழி காட்டினார். "அப்பிடியே நவாப் தோட்டம் வரிக்கும் போய் வாங்க. நல்லா இருக்கும்."

நல்லா இருக்கும் என்றால் இவ்வளவு இருக்கும் என்று யார் கண்டது! எந்த நவாப் போட்டதோ, எந்தக் காலமோ, அந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லை. கருங்கல் பதித்த வாய்க்கால்கள், படி இறங்கும் பெரிய கிணறு, கிளை தரையைத் தொடும் மாமரங்கள், நடுவில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்துக்குக் கல் பாவிய பாதை. பாதை முழுக்க மகிழம்பூ கொட்டிக் கிடந்தது. அது நேராக ஆற்றில் போய் முடிந்தது. மணல்தான் அதிகம். எதிர்க்கரை ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தை மாத ஆற்றுத் திருவிழாவுக்குத்தான் அங்கே கூட்டம் வருமாம்.

கல்யாண ஜோடி ஒன்று பாண்டிச்சேரியிலிருந்து காரில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருவத்திரண்டு வருசத்துல உன்ன ஒரு எடத்துக்குக் கூட்டிக்கினு போனதில்லயே, ரோஸு."

"இப்ப மட்டும் நீங்களா கூட்டிக்கினு வந்தீங்க? காமாலை கூட்டிக்கினு வந்துச்சி" என்றேன். அவர் அப்படிச் சிரித்தார்.

உண்மையைச் சொல்கிறேன். வாரம் முழுக்க உப்பில்லாத கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு ஞாயிற்றுக்காகக் காத்திருந்தோம். சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போகவில்லையே என்ற குற்ற உணர்ச்சிகூட எனக்கு இல்லை. சென்னையில் இருக்கும் மகள் ஷீலா போனில், "ஸ்கேன் எடுத்தீங்களாம்மா?" என்று கேட்டாள். எடுத்தாயிற்று, ஒன்றுமில்லையாம் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். எங்கள் இரண்டு பேருக்கென்று வாழ்க்கையில் கிடைத்த ஒரே இடத்தை யாராவது கெடுத்துவிடுவார்களோ என்று பயம்.

மூன்றாவது ஞாயிறு அந்த அக்கா அவர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். மருந்துக் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

"தம்பி, இந்நேரம் கண்ணு தெளிஞ்சிருக்கணும். உங்களுக்கு மஞ்ச ஏறிக்கினே இருக்குது. இது என் மருந்துக்குக் கேக்கற காமாலை இல்ல. இன்னைக்கே பாண்டிக்குப் போய்டுங்க."

"தலைக்கு ஊத்தணுமேக்கா?" என்றார் என் கணவர்.

"தலையாவது ஒண்ணாவது! மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

வெளியே வந்தோம். விழுப்புரம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் பார்த்தார். "வந்ததுதான் வந்தோம், ஒரு சுத்து பாத்துட்டுப் போலாமே. வர்ற ஞாயித்துக்கெழம தலைக்கு ஊத்திக்கினு அப்பறம் ஆஸ்பத்திரி போவலாம். பத்தியத்த பாதியில உட்டா உடம்புக்கு ஆவாது. ஒரு வாரத்துல இன்னா ஆயிடப் போவுது?"

சரி என்றேன். பத்தியம் என்பது சாக்கு. எனக்கும் ஆசை. இதை எனக்கு நானே ஒத்துக்கொள்ள ஆறு மாதம் பிடித்தது.

நான்காவது ஞாயிறு ஆற்றில் அவர் தலைக்கு நானே தண்ணீர் ஊற்றினேன். முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. புதன்கிழமை பாண்டிச்சேரிக்குப் போனோம்.

கணையத்தின் (இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சுரப்பி) தலைப்பகுதியில் புற்றுநோய்க் கட்டி. அது பித்தக்குழாயை நெரித்ததால்தான் மஞ்சள். ஈரலுக்கும் இரண்டு புள்ளிகள் போயிருந்தன. ஆபரேஷன் செய்ய முடியாது என்றார்கள். ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) மட்டும் வைத்தார்கள். பித்தம் வடிந்து இரண்டு வாரத்தில் கண் வெளுத்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "பாத்தியா, பச்சிலை வேலை செஞ்சிடுச்சி" என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் காபி கொடுக்காமலே அனுப்பினேன்.

ஒரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரம்மாவை மறித்துக்கொண்டு கேட்டேன். "நாலு வாரம் முன்னாடி வந்திருந்தா?"

"ஆபரேஷன் பண்ண முடிஞ்சிருக்கலாம்மா. முடியாமலும் போயிருக்கலாம். என்னால உறுதியா சொல்ல முடியாது."

பொய்யாவது சொல்லியிருக்கலாம் அந்தப் பெண்.

கீமோ (கட்டியைக் கட்டுப்படுத்த ஏற்றும் மருந்து) இரண்டு முறையோடு நின்றது. உடம்பு தாங்கவில்லை. கடைசி மாதம் வீட்டில்தான் இருந்தார். ஒரு மத்தியானம் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவராகவே பேசினார்.

"அந்த நாலு ஞாயித்துக்கெழம மட்டும் இல்லன்னா நமக்குன்னு இன்னா இருந்திருக்கும், சொல்லு?"

என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்குத் தெரியும். ஆனாலும் தாங்க முடியவில்லை. அதுவரை அவரை ஒருமையில் பேசியிராத நான் கத்தினேன்: "நீ இருந்திருப்பய்யா! நீ இருந்திருப்ப!"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பதினெட்டு நாள் கழித்துப் போய்விட்டார். நடுவில் எவ்வளவோ பேசினோம், அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்லலாம். கண் மஞ்சளானால், வலி இல்லாவிட்டால், அன்றைக்கே ஸ்கேனுக்குப் போங்கள். பத்தியம் காத்திருக்கும். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எனக்குச் சொல்லிக்கொள்ளத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

என் உடம்பு இப்போது எனக்கு இரவல் வாங்கியது போல இருக்கிறது. பசிப்பது தெரியவில்லை, சாப்பிட்டால் ருசியும் தெரியவில்லை. காலண்டரில் மாதம் போகிறது. எனக்கு மட்டும் எப்போதும் அந்த மூன்றாவது ஞாயிறு காலை. பஸ் நிற்கிறது. இந்தத் தடவையாவது அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போகிறேன். ஏற்றியும் விடுகிறேன். கண்டக்டர் விசில் கொடுக்கிறார். அவர் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். நான் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிடுகிறேன்.