பாஸ்கோ வீட்டுக் கொல்லைக் குழி

ஆர்வில்லா ஸ்ட்ரவுட் பாதி ஆயுளை முதியோர் இல்லத்தில் உதவியாளராகக் கழித்தவள். மறதிக்காரர்கள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்வாள். ஆனால் சொந்தப் புருஷன் டெல்மரின் மறதி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

டெல்மர் பழைய மருந்துக்கடைப் புட்டிகளைத் தோண்டி எடுப்பவன். ஒஹாயோ ஆற்றங்கரை ஊர்களில், அந்தக் காலத்துக் கக்கூஸ் குழி எங்கே இருந்தது என்று இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தே சொல்லிவிடுவான். வேண்டாத புட்டிகளை அப்போது அதில்தான் வீசுவார்கள். இந்த வசந்தத்தில் கார் சாவியை ஃப்ரிட்ஜில் வைத்தான். மகன் கர்ட் போனில் சொல்லிவிட்டான்: "அப்பாவுக்குத் தலை தெளிவா இருக்கான்னு பாத்துச் சொல்லும்மா. இல்லேன்னா இனிமே குழியில இறங்கக் கூடாது." ஞாயிறு சாயங்காலம் பதில் சொல்ல வேண்டும். குழி இல்லையென்றால் டெல்மர் காலையில் படுக்கையை விட்டு எழ மாட்டான். அது அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை திருமதி பாஸ்கோவின் கொல்லையில் தோண்டினார்கள். அந்த அம்மாள் வீட்டைப் புதிதாக வாங்கியவள். ஜன்னலில் வைக்க ஒரு நீலப் புட்டி தந்தால் போதும் என்றாள். டெல்மர் குழிக்குள் இருக்க, ஆர்வில்லா மேலே நின்று மண்வாளியை இழுத்தாள்.

ஒரு புட்டி மேலே வந்தது. 'வான்டவீர், மருந்து வணிகர்' என்று கண்ணாடியிலேயே எழுத்துப் புடைத்திருந்தது. அடியில் விரிசல்.

"எந்தக் காலம், சொல்லு பாப்போம்," என்று அவனைச் சோதித்தாள்.

"புட்டி வாய் கையால வச்சது. ஆயிரத்து எண்ணூத்தி எண்பது வாக்குல."

கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அச்சில் வார்த்த கோடு கழுத்தோடு நின்றது; கையால் வாய் வைத்த புட்டியில் அப்படித்தான் இருக்கும். சரியாகத்தான் சொல்கிறான். அடுத்தது இன்னும் ஆழத்திலிருந்து வந்தது. அதில் கோடு உதடு வரை ஏறியிருந்தது, இயந்திரத்தில் செய்தது.

"இது புதுசு," என்றான். "புதுசு எப்படிப் பழசுக்குக் கீழ வந்துச்சு?" மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

குழப்பம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தாள். "ஏறி வா டெல்மர்."

"இரு. வந்ததெல்லாம் விரிசல் விட்டது. மண்ணும் பொலபொலன்னு இருக்கு. எவனோ முன்னாடியே தோண்டி, நல்லதை எடுத்துக்கிட்டு, வேண்டாததைப் போட்டு மூடிட்டான்."

தோண்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீணாக மெனக்கெடாதே என்று அடுத்தவனுக்குச் சொல்ல, அடியில் ஓர் அடையாளம் வைத்துவிட்டுப் போவார்கள். டெல்மர் துழாவி, மெழுகால் அடைத்த ஜாம் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏறி வந்தான். உள்ளே ஒரு சென்ட் காசும் ஒரு பச்சைப் பொத்தானும் இருந்தன.

"காசு வைப்பாங்க. பொத்தான் எந்தக் கிறுக்கன் வைப்பான்?" என்று சிரித்தான்.

ஆர்வில்லா சிரிக்கவில்லை. அது அவளுடைய முதியோர் இல்லச் சீருடைப் பொத்தான். அவள் வேலையில் இருந்த காலத்தில், அடையாளமாக வைக்க ஒவ்வொரு குழிக்கும் ஒன்று கேட்பான் டெல்மர். கிழிந்த சீருடையிலிருந்து அறுத்துக் கொடுப்பாள்.

"இது நம்ம பொத்தான், டெல்மர்."

"இங்க நாம வந்ததே இல்லையே."

"வந்திருக்கோம். வாளி இழுக்க நான் வராம நீ எந்தக் குழியில இறங்கியிருக்க?"

"அப்ப உனக்கு ஞாபகம் இருக்கா?"

பேரிக்காய் மரம், கார் கொட்டகை, பின்னால் சர்ச் கோபுரம். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவும் தட்டுப்படவில்லை.

"இல்ல."

"கர்ட் போன்ல கேட்டது எனக்கும் காதுல விழுந்துச்சு," என்றான் டெல்மர். "இப்ப யாரு யாரைச் சோதிக்கிறது?"

"எனக்கு நீலப் புட்டி?" என்றாள் பின்வாசலிலிருந்து திருமதி பாஸ்கோ.

"முன்னாடியே எவனோ அடிச்சுட்டுப் போயிட்டான், திருமதி பாஸ்கோ," என்று கூசாமல் சொன்னான் டெல்மர்.

குழியை மூடுவதற்கு முன் அந்த ஜாம் பாட்டிலில் புதுக்காசு ஒன்றைப் போட்டு, தன் ஸ்வெட்டர் பொத்தானையும் அறுத்துப் போட்டு, மறுபடி அடியில் இறக்கினாள் ஆர்வில்லா.

மறுநாள் கர்ட் கூப்பிட்டான். "அப்பா எப்படிம்மா?"

"மண்ணைப் படிச்சுச் சரியாச் சொன்னாரு. இடத்தை மறந்துட்டாரு. நானும் மறந்துட்டேன்."

"அப்ப நான் யாரை நிறுத்துறது?"

"எனக்கும் புரியலடா. அடுத்த சனிக்கிழமை நீ வந்து வாளியை இழு. எங்க தோண்டினோம்னு ஞாபகம் வச்சுக்க ஒரு ஆளு வேணும்."