தைத்து மூடிய பக்கம்

ஒண்டாங்வா ஊர்ச் சந்தையில் மாவுருண்டை பொரித்து விற்கும் ஐனோ, எட்டு வருஷமாக ஒரு நாளும் தவறாமல் எச்.ஐ.வி. மாத்திரை விழுங்குகிறவள். இப்போது ரத்தத்தில் தேடினாலும் கிருமி அகப்படுவதில்லை. மகள் நோயில்லாமல் பிறந்து பள்ளிக்கூடம் போகிறாள். மகளின் அப்பன் ஓடிப்போன பிறகு வந்த ஷிவுதே, எல்லாம் தெரிந்தே கட்டிக்கொண்டவன். இருவரும் ஒரு பிள்ளைக்காக நான்கு வருஷமாகக் காத்திருக்கிறார்கள். இந்தக் கம்பு அறுவடைக்குள் வயிற்றில் ஒன்றும் தங்காவிட்டால் வேறொருத்தியைப் பார் என்று ஷிவுதேயின் அத்தை சொல்லிவிட்டாள்.

பாதிரியார் பழைய பாவம் என்று சொல்லி ஜெபித்தார். மந்திரவாதி வேர் கொடுத்துப் புகை போட்டான். பெரிய ஆஸ்பத்திரியிலோ, பல்வலி என்று போனாலும் தூக்கம் வரவில்லை என்று போனாலும் ஒரே பதில்தான்: உன் நோய் அப்படி. மூன்று பேரும் குற்றத்தை அவள் உடம்பிலேயே தேடினார்கள்.

புதிதாகத் திறந்த சிறு மருத்துவமனையில் வியாழக்கிழமை இவளைப் போன்ற பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. இவளுக்கு முன்னால் உள்ளே போய்வந்த தோழி ஹெல்வி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாள்.

"அந்த நர்ஸ் பல்லைக் கேட்டா, தூக்கத்தைக் கேட்டா, புருஷன் அடிக்கிறானான்னு கேட்டா. எங்க வீட்டு ஆடு சௌக்கியமான்னு மட்டுந்தான் கேக்கல."

உள்ளே நர்ஸ் ஒட்டிலி அவசரப்படவில்லை. கர்ப்பப்பையின் வாயில் புற்றுநோய் அறிகுறி உண்டா என்று பார்த்தாள். அடிவயிற்றுத் தழும்பைக் கண்டதும் சிகிச்சைப் புத்தகத்தைக் கேட்டாள். அந்தப் புத்தகம் நோயாளியின் கையில்தான் இருக்கும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எடுத்துப்போக வேண்டும். ஐனோவின் புத்தகத்தில் இரண்டு பக்கங்கள் கறுப்பு நூலால் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. நோயின் பேர் பெரிய எழுத்தில் இருந்த பக்கம் அது. வரிசையில் கைமாறும்போது யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பல பெண்கள் இப்படித்தான் தைத்தார்கள், ஒட்டினார்கள். பிரசவம் முடிந்து பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே, கீழே டாக்டர் கிறுக்கியிருந்தது புரியாமலே, ஐனோ தைத்துவிட்டாள். மற்ற நர்சுகள் அடுத்த வெற்றுப் பக்கத்தைத் தேடி எழுதினார்களே தவிர, இதில் என்ன இருக்கிறதென்று ஒருவரும் கேட்டதில்லை.

பிரிக்கலாமா என்று ஒட்டிலி கேட்டாள். ஐனோவே கத்தரியை வாங்கி வெட்டினாள்.

ஒட்டிலி ஒரு முறை படித்தாள். மறுபடியும் படித்தாள். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, வயித்தை அறுத்துப் பிள்ளைய எடுத்தாங்கல்ல, அன்னிக்கே கருக்குழாயையும் வெட்டிக் கட்டிட்டாங்க. நீங்க சம்மதிச்சதா எழுதியிருக்கு."

ஐனோ சிரித்துவிட்டாள். "அது வேற யாரோடதோ, சிஸ்டர்."

ஒட்டிலி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். ஐனோவின் பேர். மகள் பிறந்த தேதி.

வலியில் துடித்தபோது விரல்களுக்கிடையே பேனாவைத் திணித்து, கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன் என்று சொன்னது நினைவு வந்தது. உங்களைப் போன்றவர்களுக்கு ஒன்று போதும் என்று ஒருத்தி சொன்னதும் வந்தது. அதை அன்று வெறும் வசவு என்றுதான் நினைத்திருந்தாள். அந்த வேர், அந்தப் புகை, அந்த ஜெபம். எல்லாம் எதற்கு?

"மறுபடி சேர்க்க முடியுமா?"

ஒட்டிலி பொய் சொல்லவில்லை. தலைநகரில் டாக்டர் இருக்கிறார், கடிதம் தருகிறேன், ஆனால் நம்பி இருக்காதீர்கள் என்றாள். பெண் வக்கீல்களிடமும் அழைத்துப் போவதாகச் சொன்னாள். ஐனோவின் காதில் பாதிதான் விழுந்தது.

வெளியே வந்து, பெஞ்சருகே நின்றபடியே ஷிவுதேக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"யாரைக் கேட்டுப் பண்ணாங்க?" என்றான் அவன். "அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வீட்டுக்கு வா."

போனை வைத்ததும் ஹெல்வியின் சிரிப்பு நின்றிருப்பதைக் கண்டாள்.

"ஹெல்வி, உனக்கும் அறுத்துத்தானே எடுத்தாங்க? எங்க?"

அதே பெரிய ஆஸ்பத்திரிதான்.

"அப்புறம்?"

"அப்புறம் ஆண்டவன் தரல" என்றாள் ஹெல்வி, எப்போதும் சொல்வதுபோல. சொன்னதும் அவள் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. பெஞ்சில் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.