முனியம்மா அறுத்த கண்ணி

எழுபதுகளில் என் கணவருக்கு எளாவூர் செக்போஸ்ட்டில் வேலை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு கயிற்றுக் கட்டில். பச்சைக் குழந்தையோடு தங்கை வரப்போகிற சமயம் பார்த்து அதில் ஒரு கயிறு அறுந்தது. கட்டில் முழுக்கத் தளர்ந்து தொட்டில் மாதிரி தொங்கிவிட்டது. புதிது வாங்க வழியில்லை.

தினமும் மீன் கொண்டுவரும் முனியம்மா அதைப் பார்த்தாள். "நான் கையால முடிஞ்ச பருத்தி வலை ஊட்ல சும்மா கெடக்குதும்மா. நைலான் வந்ததுலேர்ந்து அத்த யாரு தொடறா? கட்டித் தரட்டா?"

"கொழந்த படுக்கணும். மீன் நாத்தம் அடிக்குமே" என்று முகத்தைச் சுளித்தேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான்காம் நாள் வலையோடு வந்தாள். மீன் நாற்றமே இல்லை; பூந்திக்கொட்டை போட்டுத் துவைத்த வாசனைதான் வந்தது. நான்காக மடித்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டினாள். முடித்ததும் கத்தியை எடுத்து, நட்டநடுவில் ஒரு கண்ணியைச் சரக்கென்று அறுத்தாள்.

"ஐயோ, இன்னா பண்றே!" என்று அலறினேன்.

"ஏறி ஒக்காரும்மா."

உட்கார்ந்தேன். கட்டில் கொஞ்சமும் தொய்யவில்லை.

"கயிறு ஒரு எடத்துல அறுந்தா அல்லாம் பூடும். வலையில ஒவ்வொரு முடிச்சும் தனி. ஒண்ணு பூட்டா மத்தது புட்ச்சிக்கும்."

அத்தனை ஆயிரம் முடிச்சுகளையும் போட்ட அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை நீட்டிய மீனை நான் தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வாங்கியிருக்கிறேன்.

தங்கை குழந்தைக்குப் பிறகு என் பிள்ளைகளும் அதில்தான் படுத்து வளர்ந்தார்கள். அந்த ஓட்டை இன்றுவரை பெரிதாகவே இல்லை. அதில் விரலை விட்டுப் பார்க்கும்போதெல்லாம், அன்று சுளித்த என் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.