அவன் பக்கம் வராத பந்து

என் தங்கை மகன் அமெரிக்கக் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்குகிறான். இதை எங்கள் நெல்லித்தோப்புப் பக்கம் யாரிடம் சொன்னாலும் அவர்கள் முதலில் கேட்பது, "ஃபுட்பாலா? எத்தினி கோலு போட்டான்?" என்பதுதான். உண்மையில் அந்த ஆட்டத்தில் காலால் உதைப்பதற்கு அதிக வேலை கிடையாது. பந்து முட்டை வடிவில் இருக்கும். ஒருவன் அதை எறிவான், அவன் அணியைச் சேர்ந்த இன்னொருவன் ஓடிப்போய்ப் பிடிப்பான். எதிரணியில் அப்படி ஓடுகிறவனைப் பந்தைப் பிடிக்க விடாமல் செய்வதே என் மருமகனின் வேலை. மைதானத்தின் ஓரத்தில் நிற்பதால் 'கார்னர்' என்று பெயர். இதைப் படிக்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

நாள் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு மில்லில், டைம் ஆபீசில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்டது. மில்லை மூடிய பிறகு அச்சகத்தில் புரூஃப் பார்க்கப் போனேன். பழக்கம் கூடவே வந்தது. ஆனால் பெயரோ தேதியோ வேண்டாம் என்று மருமகன் கேட்டுக்கொண்டிருக்கிறான். கிளப்புக்காரர்கள் ஏதாவது சொல்வார்களாம். அதனால் கிழமையையும் மாதத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறேன். தேதி இல்லாமல் எழுதுவது, பொத்தான் போடாத சட்டையோடு கடைத்தெருவுக்குப் போவது போலத்தான் இருக்கிறது.

தங்கையின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படிப்பட்ட சிப்பாயைச் 'சொல்தா' என்று ஒரு வார்த்தையில் சொன்னால் போதும். மருமகன் இங்கே ஒன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் மூவரும் பிரான்சுக்குப் போனார்கள். அங்கே பள்ளிக்கூடத்து ஃபுட்பால் அணியில் அவனுக்கு இடம் உண்டு, ஆனால் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருப்பதுதான். ஒரு சனிக்கிழமை அப்படி உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து மைதானத்திலிருந்து ஒரு முட்டைப் பந்து இவன் தலைக்கு மேலே பறந்து வந்தது. இவன் எழுந்து, பந்திலிருந்து கண்ணை எடுக்காமல், பின்பக்கமாகவே ஓடி அதைப் பிடித்தான். பந்தைத் தேடி வந்த பயிற்சியாளர் பந்தோடு இவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவன் தொழில் தொடங்கியது அங்கேதான்.

பிறகு சிறுவர் அணி, பெரியவர் அணி, கடைசியில் சம்பளம் கொடுக்கும் ஒரு கிளப். இதற்குள் தங்கையும் கணவரும் ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து இங்கே உப்பளம் பகுதியில் வீடு கட்டிவிட்டார்கள். மருமகன் மட்டும் அங்கேயே தங்கினான். பொங்கலுக்குப் பொங்கல் வருவான். வந்த மறுநாளே விடியற்காலையில் என்னையும் என் சைக்கிளையும் பழைய துறைமுகத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போவான். நான் அவனை நோக்கி சைக்கிளை மிதிக்க வேண்டும். அவன் எனக்கு முகம் காட்டியபடி பின்பக்கமாக ஓடுவான். நான் எந்த நேரத்திலும் இடமோ வலமோ ஒடிக்கலாம். அவன் எனக்கு முன்னால் அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இதுதான் பயிற்சி.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்று பார்த்தார். "என்னா தம்பி, முன்னாடி போற கியர் ஒடஞ்சி பூட்ச்சா?"

"முன்னாடி போறதுக்குத்தான் நீங்கள்லாம் இருக்கீங்களே அண்ணே" என்றான் மருமகன், ஓட்டத்தை நிறுத்தாமல்.

நான் இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் ஒடிப்பேன். தோளைச் சாய்த்து ஏமாற்றுவேன். ஒரு தடவைகூட அவன் ஏமாறவில்லை. எப்படி என்று கேட்டேன்.

"ஒங்க மொகத்த நான் பாக்கவே இல்ல மாமா. இடுப்பதான் பாக்குறேன். மூஞ்சி எங்க வேணா திரும்பும், இடுப்பு போற பக்கந்தான் ஆளு போவான்."

இதையெல்லாம் அவன் அப்பா பார்த்ததே இல்லை. ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. மகன் குதிப்பதை நினைத்தாலே இவருக்கு முட்டி வலிக்கும். பாராசூட் படையில் குதித்துக் குதித்து இவர் முட்டி தேய்ந்து போனது. "ஒடம்ப வச்சி சம்பாரிச்சவன் நானு மச்சான். எனக்காவது கவர்மெண்டு பென்சன் குடுக்குது. இவன் முட்டி போனா கிளப்பு குடுக்குமா?" என்பார். பழைய சிநேகிதர் மூலமாக, மகன் இருக்கும் ஊரின் மேரியில் (அங்கேயும் இங்கேயும் நகராட்சிக்கு அதுதான் பெயர்) நிரந்தர வேலை ஒன்றுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். ஆகஸ்ட் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

அதே ஆகஸ்டில் ஜெர்மனியின் பெரிய கிளப் ஒன்று மருமகனைக் கேட்டது. அவன் என்னிடம் போனில் சொன்னான்: "அப்பா வாயால சரின்னு சொல்லணும் மாமா. இல்லன்னா மேரிக்கே போயிடுறேன். அவர மீறிப் போயி என்னால ஆட முடியாது."

அவரிடம் போய்க் கெஞ்சினேன். "ஒரே ஒரு மேட்ச் பாருங்க மாப்ள. பாத்துட்டு நீங்க என்ன சொன்னாலும் நாங்க கேட்டுக்குறோம்."

"பாக்குறேன். ஒண்ணுதான்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உப்பளத்து வீட்டில் டிவி முன்னால் தங்கை, அவள் கணவர், நான், எதிர்வீட்டு அம்மா. பிரெஞ்சு வர்ணனையாளர் படபடவென்று பேசினார். "இவன் வாயி ஓயாது" என்று தங்கை கணவர் சத்தத்தை நிறுத்திவிட்டார்.

ஆட்டம் தொடங்கியது. எதிரணி மருமகன் நின்ற பக்கம் ஒரு பந்தும் எறியவில்லை. எல்லாமே மறுகோடிக்குப் போயின. எங்கள் பிள்ளை ஓடுவான், திரும்புவான், நிற்பான். அவ்வளவுதான்.

"புள்ள கிட்ட ஒருத்தன்கூட பந்து போட மாட்றானே" என்றாள் தங்கை. "ஒதுக்கி வச்சிருக்கானுங்களா?"

"கபடில கார்னர்ல நிக்கிறவன் காலயாவது புடிப்பான்" என்றார் எதிர்வீட்டு அம்மா. "இது இன்னாமோ, பொண்ணு பாக்கப் போறவனுக்குத் தொணையா போயிட்டு வர்ற மாதிரி இல்ல இருக்கு!"

நான் படித்ததையெல்லாம் வைத்து விளக்கினேன். பந்து எறிகிறவன் யார் பலவீனமோ அவன் பக்கம்தான் எறிவான். நம்மவன் பக்கம் வராததுதான் அவனுக்கு மரியாதை.

"ஃபெயிலான பையனுக்கு வாத்தியாரு சொல்ற சமாதானம் மாதிரி இருக்கு மச்சான்" என்றார் அவர். முகம் இறுகிவிட்டது. "சம்பளம் குடுத்து நிக்க வச்சிருக்கானுங்க. நிக்கிறதுக்கு மேரியில ஒக்காரலாம்." கையைத் தரையில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார், முட்டி உடனே இடம் கொடுக்கவில்லை. உட்கார்ந்தார். அந்த முட்டிக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

கடைசி வீச்சு. எதிரணி பிடித்தால் அவர்களுக்கு வெற்றி, பந்து தரையில் விழுந்தால் நமக்கு வெற்றி. மறுகோடியில் ஆட்கள் மொய்த்திருந்தார்கள். எறிபவனுக்கு வேறு வழியில்லை. முதன்முறையாக இந்தப் பக்கம் எறிந்தான். நீளமான வீச்சு. மருமகன் பின்பக்கமாக ஓடி, திரும்பி, எம்பினான். பந்து அவன் விரல்களில் பட்டுக் கீழே விழுந்தது.

"அய்யோ, கேட்ச வுட்டுட்டானே!" என்று தங்கை தலையில் கை வைத்தாள். விதி தெரிந்த நானே "ச்சே!" என்று தொடையில் அடித்துக்கொண்டேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த உடம்பு.

திரையிலோ அவன் அணி முழுவதும் ஓடி வந்து அவன் ஹெல்மெட்டில் தட்டிக் கும்மாளம் போட்டது. "வுட்டதுக்கா இவ்ளோ ஆட்டம்?" என்றார் எதிர்வீட்டு அம்மா.

தங்கை கணவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். வர்ணனையாளர் கத்திக்கொண்டிருந்தார். எங்களில் அந்த வேகத்துப் பிரெஞ்சு புரியக்கூடியவர் அவர் ஒருவர்தான். கொஞ்சம் கேட்டார். பிறகு முதுகு நிமிர்ந்தது.

"இன்னா சொல்றான் மாப்ள?" என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "'இந்தப் பையன் நிக்கிற பக்கம் போவ இன்னிக்கி எவனுக்கும் தைரியம் வரல. கடைசில வேற கதியில்லாமத்தான் போனாங்க. அவன் கதவ சாத்திட்டான்'ங்கிறான்."

அந்த வீச்சை மறுபடி காட்டினார்கள். அதிலே நான் ஒன்று கவனித்தேன்: பிடிக்க வந்தவன் திரும்புவதற்கு முன்பே மருமகன் திரும்பிவிட்டான். அவரும் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். "முன்னாலயே தெரிஞ்சிருக்கு இவனுக்கு" என்று முணுமுணுத்தார்.

மைதானத்திலிருந்து அவன் கூப்பிடும்வரை யாரும் இடத்தைவிட்டு அசையவில்லை. அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். இவர்தான் முதலில் ஆரம்பித்தார்.

"அந்தப் பந்த புடிச்சிருக்கலாம் இல்ல?"

"புடிச்சிருக்கலாம்ப்பா" என்றான் அவன், குரல் இறங்கி.

"ஜெர்மனில போயி புடி."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எதிர்வீட்டு அம்மா, "அப்ப ஜெயிச்சிட்டோமா?" என்றார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, இப்போது ஜெர்மனியில் ஆடுகிறான். அவன் அப்பா ஒரு மேட்ச் விடுவதில்லை. பென்சன்காரர்களோடு பெத்தாங்க் என்னும் பிரெஞ்சு இரும்புக் குண்டு ஆட்டம் ஆடப் போகிற இடத்தில் இதே பேச்சுதான். போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன்.

"இந்த சீசன் பூரா எம்பையன் பக்கம் பந்தே வரலப்பா" என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

குண்டைத் துடைத்துக்கொண்டிருந்த கூட்டாளி அவர் தோளைத் தொட்டு, "வுடு, மனச போட்டு ஒழப்பிக்காத. வரும்" என்றார்.

"வரக் கூடாதுய்யா!" என்றார் இவர்.