பின்விளக்கில் வைத்த பொட்டு

ஜீவராணியைக் கொட்டாஞ்சேனையில் தெரியாதவர் இல்லை. விடியுமுன் வெள்ளைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, ஹெல்மட்டை மாட்டி, சைக்கிளில் வெள்ளவத்தைக்கு வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதானே. அங்கே பொன்னம்பலம் கடையில் இடியப்ப அடுப்பு அவள் பொறுப்பு. முதல் பஸ் போய்ச் சேர்வதற்குள் முதல் ஈடு விற்றே தீர்ந்துவிடும். ஆகையால் சைக்கிள் நின்றால் அந்த வேலையும் நின்றது என்றுதான் அர்த்தம். பெட்ரோல் வரிசைக் காலத்தில் ஏறியவள் இன்னும் இறங்கவில்லை.

ஓட்டுவதிலும் அவளுக்கென்று ஒரு வீம்பு உண்டு. ஆளில்லாத சந்தியிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பாள். "யாருமே இல்லையே, போங்கக்கா!" என்று பைக்கில் வந்த ஒருவன் கத்தினான். "யாரும் இல்லாட்டி என்னா, நான் இருக்கேனே" என்று அவள் காலை ஊன்றியபடியே நின்றாள். திரும்புமுன் கையை நீட்டிக் காட்டுவாள். கொள்ளுப்பிட்டியில் பஸ் நடத்துநர்கள் "அக்கே, யமு யமு!" என்று, 'போவோம், போவோம்' எனச் சிங்களத்தில் விரட்டிக் கேலி செய்தாலும் அந்தக் கை தாழாது.

புருஷன் சந்திரகுமார் ஆட்டோ ஓட்டுகிறவர். பொம்பளை இருட்டில் சைக்கிள் மிதிப்பது அவருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனாலும் ஆயுத பூசையன்று மனசு இளகி, தன் ஆட்டோவோடு அவள் சைக்கிளையும் கழுவித் துடைத்து, மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் தாராளமாய் அப்பினார். கைப்பிடியில் ஒன்று, இருக்கையில் ஒன்று, பின்விளக்கின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று.

மறுநாள் அதிகாலை தூறல். ஜீவராணி வழக்கம்போல் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள். மணியை அடித்தாள். சக்கரத்துக்குள் மாட்டிக்கொள்ளாமல் மாலையைக் கழற்றிக் கைப்பிடியில் சுற்றினாள். விளக்கைப் போட்டால் பின்சுவரில் சிவப்பே விழவில்லை. முந்தானையால் துடைக்கப் போனாள்.

"ஏய், சாமி பொட்டையா அழிக்கிற?" சந்திரகுமார் வாசலுக்கு வந்துவிட்டார். "பூச போட்ட மறுநாளே அழிச்சா வெளங்குமா? பொட்டழிஞ்ச வண்டி ரோட்டுல ஏறக் கூடாது. இன்னைக்கு பஸ்ஸுல போ. இதோட இந்தச் சைக்கிள் கூத்தையும் நிறுத்திரு."

"பஸ்ஸுல போனா அடுப்பு இன்னொருத்தி கைக்குப் போயிரும்ங்க."

"போகட்டும்."

ஜீவராணி அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "சரிங்க, அழிக்கல. ஆட்டோவுல ஏறி உட்காருங்க" என்றாள். பொட்டோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் ஓடும் குறுகிய ஒழுங்கையின் கடைசிக்குப் போய், மதிலோரமாய் நின்றாள். "பின்லைட்டு எரியுது. நான் எங்க நிக்கிறேன்?"

"இரு, ஹெட்லைட்ட போட்டுப் பாக்குறேன்."

"போடாதீங்க! லைட்டு செத்த ஆட்டோ எத்தன ஓடுது, உங்களுக்குத் தெரியாதா? அத ஓட்டுறவன் கண்ணால பாருங்க."

அவர் கண்ணைச் சுருக்கினார். கழுத்தை நீட்டினார். மழையும் இருட்டும்தான். "ஜீவா?" என்றார். "ஜீவா! எங்கடி இருக்க?" என்று பதறினார்.

"இங்கதான். ஆட்டோ எடுத்திருந்தா இந்நேரம் என் மேல ஏத்தியிருப்பீங்க."

சந்திரகுமார் மழையிலேயே இறங்கி நடந்தார். தோள் துண்டை எடுத்து, காய்ந்த சந்தனம் போகுமட்டும் அந்த விளக்கை அழுத்தித் துடைத்தார். மதிலில் சிவப்பு விழுந்தது.

"சாமி கோவிச்சுக்க மாட்டாரா?" என்று அவள் கிண்டலாய்க் கேட்டாள்.

"கைப்பிடியில இருக்காருல்ல, அது போதும் அவருக்கு. நீ கெளம்பு, அடுப்பு காயுது."

அவள் கையை நீட்டிக் காட்டிப் பெரிய ரோட்டில் ஏறினாள். ஒழுங்கை முனையில் தேத்தண்ணிக் கடை திறந்துகொண்டிருந்த ஜவாத், தூரத்தில் போகும் சிவப்பைப் பார்த்து, "யாரு மச்சான் அது, இந்த மழையில?" என்று கேட்டார்.

"என் பொஞ்சாதி. வேலைக்குப் போறா" என்று சந்திரகுமார் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு அதே துண்டோடு தன் ஆட்டோவின் பின்பக்கம் போய், அந்த விளக்கிலும் அப்பியிருந்த பொட்டருகே குனிந்தார்.