சேரின் பாஸ்வேர்ட்

அந்த வெள்ளிக்கிழமை வெண்பலகையில் தன் மின்னஞ்சல் முகவரியை எழுதிவிட்டு, மார்க்கரின் மூடியைக் கடித்தபடி சிரித்தார் எங்கள் கம்ப்யூட்டர் வகுப்புச் சேர். "இண்டைக்கு என்ட பாஸ்வேர்டை உடைச்சுப் பாருங்க. ஏலாட்டி வகுப்பறையைக் கூட்டித் துப்பரவாக்கிப்போட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம்."

கிழமைக்கு ஒரு பூட்டிய கோப்பைத் தந்து திறக்கச் சொல்வது அவர் வழக்கம். பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னையும் சேர்த்துக்கொண்டவர். பூட்டிய வீட்டுக் கதவை மூன்று தரம் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் நான் புறப்படுவேன். அதற்காகப் பொடியன்கள் என்னைப் பகிடி பண்ணுவார்கள். "சிரிக்காதீங்கடா, பயந்தவனுக்குத்தான் பூட்டின்ட குணம் தெரியும்" என்பார் சேர்.

மனிதர் எதை இழக்கப் பயப்படுகிறாரோ, பெரும்பாலும் அதையே பாஸ்வேர்டாக வைக்கிறார். சேருடைய மகளின் செல்லப் பெயரை அடித்து, அவர் அப்பாவுடைய வள்ளத்து இலக்கத்தைப் பின்னால் சேர்த்தேன். திறந்தது. கத்த வாயெடுத்தவன், மேலே கிடந்த கடிதத்தை வாசித்துவிட்டேன். ஞாயிறு விடிய, உச்சமுனைக் கரையிலிருந்து, களவாக ஆஸ்திரேலியாவுக்கு ஆளேற்றிப் போகும் ட்ரோலர்; சேருக்கும் ஓர் இடம். வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று கடைசி வரி. கச்சான் காற்று உரத்துக் கடல் கொந்தளித்து, என் அப்பாவே வள்ளத்தைக் கரையேற்றி வைத்திருந்த மாதம் அது.

"என்னடா முகம் செத்துக் கிடக்கு? திறந்திட்டியா?"

"இல்ல சேர்."

"அப்ப தும்புத்தடியை எடு."

கூட்டினேன். கூட்டி முடிப்பதற்குள் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவரிடம் சொன்னால் முகத்தில் விழிக்க ஏலாது, அவர் மனைவியிடம் சொன்னால் காட்டிக்கொடுத்ததாகும், பொலிஸ் பக்கம் போகவே பயம். யாரிடமும் சொல்லவில்லை. சேர் ஏறிப்போன அந்த ட்ரோலர் போய்ச் சேரவும் இல்லை, திரும்பவும் இல்லை.

நான்கு வருடம் போய்விட்டது. இப்போது நான் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். போன கிழமை சேரின் மனைவி வந்து கதிரையில் அமர்ந்தார். "மகளுக்கு மாதா கோயில்ல புதுநன்மை, தம்பி. தகப்பன்ட படமொண்டு கேக்கிறாள். அவர்ட மெயிலுக்குள்ள கிடக்கும். திறக்க ஏலுமா? பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது. பிறந்த நாளெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறன்."

அவர் பைக்குள் தாளைத் தேடுவதற்குள் என் விரல்கள் அந்தப் பழைய பாஸ்வேர்டை அடித்து முடித்துவிட்டன. முதல் தரத்திலேயே திறந்தது. அந்தக் கடிதம் அங்கேயே கிடந்தது.

அவர் அதை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்கு எப்பயிருந்து தெரியும்?"

"அந்த வெள்ளிக்கிழமையில இருந்து, அக்கா."

கையிலிருந்த தாளை மெல்ல மடித்தார். "அவர் போனது ஞாயிறு" என்றார்.