அசையாத கட்டம்

தனுஷ்கோடியைப் போல அசையாமல் உட்கார இன்னொரு ஆள் பிறந்துதான் வரவேண்டும். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் ஃபோர்மேன். வெடிமருந்து அறையில் எதையும் இழுக்கக்கூடாது, தூக்கித்தான் வைக்கவேண்டும், உரசினால் போச்சு. மனுஷன் வீட்டில்கூட நாற்காலியை இழுத்ததில்லை. மனைவி வீரலட்சுமி போனபிறகு பேசவும் ஆளில்லை. காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை அப்படியேதான்.

மகன் ஸ்ரீராம்குமாருக்குப் பெங்களூரில் வீடியோவைச் சுருக்குகிற கம்பெனியில் வேலை. அம்மாவின் வருசத் திதிக்கு வந்தவன், அப்பா தனியாகக் கிடக்கிறாரே என்று கூடத்தில் ஒரு கேமராவை மாட்டினான். ஆள் அசைந்தால் அவன் போனில் மணி அடிக்குமாம்.

"இம்புட்டு வீடியோவும் நெட்டுல எப்படிய்யா போகும்?"

"படத்தைச் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சிரும்ப்பா. அசையாத கட்டத்தைத் திரும்ப அனுப்பாது, முன்னாடி வந்ததையே காட்டிக்கிரும். அசைஞ்சா, எங்கிட்டு எம்புட்டு நகந்திருக்குன்னு மட்டும் போகும்."

அவன் சொன்னது சரிதான். இவர் புரிந்துகொண்டதுதான் கோளாறு. அப்படியென்றால் சும்மா உட்கார்ந்திருக்கிற என்னை அனுப்பவே அனுப்பாதா? நேற்றைய அப்பனையா அவன் பார்த்துக்கொண்டிருப்பான்? மகன் தன்னைப் பார்க்கவேண்டும், அவருக்கு வேறெதுவும் வேண்டாம்.

மகன் பெங்களூர் திரும்பிய மறுநாள் ஆரம்பித்தது கூத்து. கையை ஆட்டினார், கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார், நாற்காலியைத் தரதரவென்று இழுத்தார். பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் எட்டிப்பார்த்து, "என்ன மாமா, பேய் பிடிச்சிருச்சா?" என்றாள்.

"மகன் பாக்குறான்த்தா" என்றார், அம்புட்டுப் பெருமையாக.

ஐப்பசியில் ஒருநாள் காலை, கேமராவுக்கு நேர் எதிரே வழுக்கி விழுந்தார். இடுப்பு எழவிடவில்லை. போன் எட்டாத தூரத்தில். சரி, மகன் பார்த்திருப்பான், யாரையாவது அனுப்பிவிடுவான் என்று படுத்தபடியே கையை உயர்த்தி உயர்த்தி ஆட்டினார், பாவி மனுஷன். கை ஓய்ந்துபோனது. ஒருவரும் வரவில்லை. அழுகையை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மத்தியானம் குழம்பு கொடுக்க வந்த சுப்புத்தாய்தான் அலறியடித்து ஆட்டோ பிடித்தாள். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

சாயங்காலம் மகன் கூப்பிட்டான். "சாப்பிட்டீகளாப்பா?"

"ஆச்சு. இன்னைக்குக் கேமராவுல பாத்தியாய்யா?"

"அதை எங்க பாக்க! மணியை எப்பவோ அமத்திட்டேன்ப்பா. நிமிசத்துக்கு ஒருக்கக் கத்துனா மீட்டிங்ல எப்படி இருக்க? அப்படி என்னதான் பண்ணுறீக வீட்டுல?"

விழுந்ததைச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

"ஒண்ணும் பண்ணலய்யா" என்றார். "சும்மாதான் இருக்கேன்."